கழற்ற முடிகிற எஞ்சின்

"இந்த எஞ்சினைக் கழட்ட முடியுமா?"

படகுக் கடைக்குள் நுழைந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

படகு விற்றே தலை நரைத்தவர் கடைக்காரர். வருகிறவர்கள் வேகம் கேட்பார்கள், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே கழற்றுவதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"இது இன்போர்ட் சார். எஞ்சின் படகோட வயித்துக்குள்ள இருக்கு. சத்தம் கம்மி. பின்னாடி பலகையில உட்கார்ந்து ஜம்முனு தண்ணியில காலை நனைச்சுக்கலாம். குடும்பத்தோட சுத்தி வர்றதுக்குன்னே செஞ்சது. ஆனா கழட்டணும்னா கிரேன்தான் வரணும்."

"அப்ப வேணாம். அவுட்போர்ட் காட்டுங்க. பின்னாடி மாட்டுறது இருக்குமே, அது."

கடைக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் வரிசையாக நின்ற அவுட்போர்ட் எஞ்சின்களில் நல்லதாக ஒன்றைக் காட்டினார்.

"இதை ஒரே ஆள் தூக்க முடியுமா?"

"ரெண்டு பேர் வேணும் சார்."

"இதைவிடச் சின்னது?"

"இருக்கு. ஆனா இந்த மாதிரி படகுக்குப் பத்தாது. எதிர்க்காத்து அடிச்சா, கரையில நடந்து போறவன் உங்களை முந்திடுவான்."

"முந்தட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இருப்பதிலேயே சின்ன எஞ்சினைத் தூக்கித் தோளில் சாய்த்தார். அதோடு விடவில்லை. கடையின் மாடிப்படியில் ஏற ஆரம்பித்துவிட்டார். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சார், சார்! என்ன பண்றீங்க?"

"எங்க வீடு ரெண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதான் ஏத்த முடியுமான்னு பாக்கறேன்."

"வீட்டுக்கா? எதுக்கு சார்? படகுத்துறையில காவலுக்கு ஆள் இருக்கு, பூட்டு இருக்கு. ஒரு திருடனும் வர மாட்டான்."

"சாயங்காலம் ஆனா அது அங்க இருக்கக் கூடாது."

"சாவியை மட்டும் எடுத்துட்டுப் போங்களேன்!"

"சாவி சின்னப் பொருள். எங்க ஒளிச்சாலும் கைக்குச் சிக்கிடும். இதை என் கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சுக்குவேன்."

தாலாட்டுப் பாடுவது ஒன்றுதான் பாக்கி என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். கஞ்சர்களைப் பார்த்திருக்கிறார், சந்தேகப் பிராணிகளைப் பார்த்திருக்கிறார். இவர் இரண்டும் சேர்ந்த ரகம் போலிருக்கிறது.

பெரியவரோடு வந்த மகன் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஓங்குதாங்கான உடம்பு. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரருக்கு இருந்த எரிச்சல் அவன்மேல் பாய்ந்தது.

"ஏன் தம்பி, வயசான மனுஷன் இந்தப் பாடு படறார். நீ பாட்டுக்கு உட்கார்ந்து வேடிக்கை பாக்கறியே?"

மகன் எழுந்து வந்து கையை நீட்டினான்.

"நீ தொடாதப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

அதட்டலாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் மகன் தலையைக் குனிந்துகொண்டு, வந்த மாதிரியே திரும்பிப் போய் உட்கார்ந்தான். பார்த்த கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. சொந்தப் பிள்ளையை யாராவது வெளியாள் முன்னால் இப்படிச் சிறுமைப்படுத்துவார்களா?

இரண்டு தடவை நின்று, கைப்பிடியைப் பிடித்து, ஒருவழியாகப் பெரியவர் எஞ்சினை மேலே கொண்டுபோய்க் கீழேயும் இறக்கிவிட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "முடியுது. இதையே குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, பில் போட உள்ளே போனார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கடைக்காரர் மகனிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதே தம்பி. நீ தொட்டா அந்த எஞ்சின் தேஞ்சா போயிடும்? உங்கப்பா எப்பவுமே இப்படித்தானா?"

அவன் அப்பா உள்ளேதான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"போன வருஷம் வாடகைப் படகு எடுத்துட்டுத் தனியாப் போனேங்க. திரும்பி வரக் கூடாதுன்னுதான் போனேன். அப்பா இன்னொரு படகுல தேடி வந்து, என்னைக் கட்டிப் பிடிச்சுக் கரைக்குக் கூட்டிட்டு வந்தார்."

கடைக்காரர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப டாக்டர்கிட்ட போயிட்டிருக்கேன். மருந்து சாப்பிடறேன். ஆனா சின்ன வயசுலேர்ந்து தண்ணின்னா எனக்கு உசுரு. அப்பாவோட போய் வந்தா மனசு லேசாகுது. டாக்டரும் போகச் சொன்னார். அதுக்குத்தான் இந்தப் படகு."

"சரிதான் தம்பி. அதுக்காக இந்த வயசுல தினமும் இவ்வளவு கனத்தைச் சுமக்கணுமா? நடந்தது நடந்துபோச்சு. பெத்த பிள்ளைமேல கொஞ்சமாவது நம்பிக்கை வைக்கலாமில்ல?"

"அவருக்கு நம்பிக்கை இருக்குங்க. உள்ள வச்ச எஞ்சினே வாங்கலாம், படகோடவே இருக்கட்டும், நீ எங்கயும் போக மாட்டேன்னுதான் சொன்னார்."

உள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தினமும் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்கப்பா, நானே வந்து கேட்டாலும் தொட விடாதீங்கப்பான்னு அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதது நான்தாங்க."