அரம் வழுக்கும் குழாய்

அரம் கடித்தது.

உலைக்காரர் அடுத்த குழாய்க்கு நகர்ந்தார். வாயோரத்தில் அரத்தை வைத்து அழுத்தி ஓர் இழு இழுத்தார். இதுவும் கறுக்கென்று கடித்தது, பொடி உதிர்ந்தது.

நல்ல குழாய்.

நல்ல குழாயைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படி ஏமாந்து நின்றதை அந்தத் தொழிற்சாலை கண்டிருக்காது. அவர் தேடியது கெட்டதை.

எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குகிற குழாய்கள் அவை. உலையில் செக்கச் செவேலென்று காய்ந்ததும் தண்ணீரில் முக்குவார்கள். முக்கியதும் இரும்பு விறைத்துப் போகும். கடினத்துக்குக் குறைவில்லை, அரம்கூட வழுக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது உலையில், கொஞ்சம் தணிந்த சூட்டில் இன்னொரு முறை போட்டு அதன் வீம்பை இறக்க வேண்டும்.

காலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியவர், ஒரு குழாய் அந்த இரண்டாவது உலைக்குள் போகாமலே ஆறின குழாய்களோடு உருண்டு சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தார். ஓடிப் போவதற்குள் கிரேன் மொத்தமாக அள்ளி முற்றத்தில் அடுக்கிவிட்டது. ஈரம் காய்ந்த பிறகு எல்லாம் ஒரே சாயல்.

அப்போதே கத்தியிருக்கலாம். மேனேஜர், நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்பாரே. நுணலும் தன் வாயால் கெடும் என்று வாயை மூடிக்கொண்டார்.

வாயை மூடலாம், மனதை என்ன செய்வது? அவருடைய மாப்பிள்ளைக்குக் கிணற்றடியில்தான் வேலை. குழாயின் மரையோடு மரையைப் பூட்டி முறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பூமிக்குள் இறக்குகிற வேலை. இங்கே செய்வதெல்லாம் அங்கேதான் போகிறது. மொத்தக் குழாய்ச் சரமும் மேலே இருக்கிற குழாயில்தான் தொங்கும். அது பட்டென்று போனால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை.

மகளுக்கு இது ஐந்தாம் மாதம்.

ஒரே ஒரு ஆறுதல். அவர் பார்த்தது காலை லோடு லாரியில் கிளம்பிப் போன பிறகு. முற்றத்தில் கிடக்கிற குழாய்களுக்கு இன்னும் மரைகூட வெட்டவில்லை. இருந்தால் இந்த அடுக்குக்குள்தான் இருக்கவேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனதும் அரத்தோடு வந்தவர், அடுக்கில் முக்கால்வாசி முடித்துவிட்டார். எல்லாம் கடித்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கீழ் வரிசையில், ஓரத்தில் கிடந்த குழாயில் அரம் வழுக்கியது.

அரம் மழுங்கியிருக்குமோ? மறுபக்கத்தைத் திருப்பித் தேய்த்தார். வழுக்கியது. பக்கத்துக் குழாயில் வைத்தார், கடித்தது. மறுபடி இதில் வைத்தார். பொடி உதிரவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. குழாயின் மேல் சுண்ணக்கட்டியால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். அப்படியே குனிந்து அதைக் கட்டிக்கொண்டார். அழுகை வந்தது, அழுதார்.

"என்னண்ணே, மரை கழண்டுடுச்சா? குழாயப் போய் கட்டிப் புடிச்சுக்கிட்டிருக்கீங்க!"

மரை வெட்டும் எந்திரத்தில் வேலை பார்க்கிற பெண். கையில் சாப்பாட்டு டப்பா.

அந்தச் சந்தோஷத்தில் உலைக்காரர் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒன்று தப்பிப் போனதையும், காலையிலிருந்து தான் செத்துப் பிழைத்ததையும், அகப்பட்டுவிட்டதையும். இது மட்டும் உன் எந்திரத்துக்கு வந்திருந்தால் வெட்டுகிற பல்லையே உடைத்திருக்கும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள்.

"காலைல போன லோடுக்கு மரை போடுறப்ப மூணு பல்லு ஒடைஞ்சுதுண்ணே. நான் பல்லு வித்தவனையில்ல திட்டிக்கிட்டிருந்தேன்."

ஒன்று என்பது உலைக்காரரின் கண்ணில் பட்ட கணக்கு.

அவர் மேனேஜர் அறையைப் பார்த்து ஓடினார். லாரி இந்நேரம் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாப்பிள்ளை குழாய் இறக்க ஆரம்பித்திருப்பார்.