யாரை யார் தூக்குவது

போர் ஓய்ந்த கையோடு ஊரில் சுனாமி ஆயத்தக் கூட்டங்கள் தொடங்கின. அலை மறுபடி வந்தால் ஓட முடியாதவர்களை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று வாசிகசாலையில் வைத்துத் தீர்மானித்தார்கள். சுனாமியில் புருஷனையும் ஒரு காலையும் இழந்த ரஞ்சிதமலருக்காக முதலில் கை உயர்த்தியவன் குணசீலன்.

அவன் மனைவி வேணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"ஊரில வேற ஆம்பிளை இல்லையா? அவளத் தூக்க ஒங்களுக்கு என்ன அவ்வளவு ஆசை?"

"ஒத்திகைதானே புள்ள."

ஒத்திகை நாளில் கோயில் மணி அடித்ததும் அவன் ரஞ்சிதமலரைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறினான். அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததை வேணி பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"சுனாமி வந்த அண்டைக்கு மயங்கிக் கிடந்த என்னை அதே மாடிக்குத் தூக்கிவந்த தோள் அது. அதில இன்னொருத்தி தொங்கிறத நான் பாக்கணுமா?"

குணசீலன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அது என்ட தோள் இல்ல, வேணி. உன்னட்டச் சொல்ல வேணாமெண்டு ரஞ்சிதமலர் கேட்டதால இவ்வளவு காலமும் சொல்லல்ல. நான் ஓட்டமாவடிச் சந்தையில இருந்து ஓடி வரக்குள்ளயே நீ மாடியில கிடந்தாய்."

"அப்ப ஆர் தூக்கினது?"

"அவட புருஷன். வழியில கிடந்த உன்னை முதல்ல மாடியில ஏத்திப்போட்டு, பொண்டாட்டியத் தூக்கத் திரும்பி ஓடினவன். வரல்ல."