சமைக்காத சமையல்காரி

அக்கா ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரி. தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் லீவு என்று சொல்லி ஒத்தாசைக்கு வந்தாள். வந்தவள் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

துணி துவைத்தாள், வீடு துடைத்தாள். ஓர் ஆப்பிளை நறுக்கித் தரச் சொன்னால் மட்டும் மழுப்பினாள். தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவித் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுப் பாத்திரம் அக்காவுக்கு அருவருப்பா இருக்கு போல," என்று தங்கை கணவனிடம் பொருமினாள்.

"நீயா எதையாவது நினைச்சுக்காதே," என்றான் அவன், தான் சமைத்து அடிபிடித்த பாத்திரத்தைச் சுரண்டியபடி.

மறுநாள் தங்கை, "ஒரு வாய் தண்ணி குடுக்கா," என்றாள்.

அக்கா தயங்கினாள். "மாப்பிள்ளை, இவளுக்குத் தண்ணி வேணுமாம்!"

தங்கைக்குப் பொங்கிவிட்டது. "போதும்க்கா, நாளைக்கே கிளம்பு. எங்களுக்கு என்ன ஒட்டுவாரொட்டியா, இப்படி விலகிப் போறே?"

"உங்களுக்கு இல்லடி. எனக்குத்தான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "விடுதியில ஆறு பிள்ளைங்களுக்கு டைஃபாய்டு. எங்களையும் சோதிச்சாங்க. எனக்குக் காய்ச்சலே இல்ல, ஆனா கிருமி மட்டும் பித்தப்பையில குடியிருக்காம். மாத்திரை முடிஞ்சு மறுபடி சோதிக்கிற வரைக்கும் சமைக்கவோ, சாப்பாடு தண்ணி எடுத்துக் குடுக்கவோ கூடாதுன்னுட்டாங்க. சொன்னா வராதேன்னுடுவியோன்னு பயம். உன்னைப் பார்க்காம இருக்க மனசு கேக்கலடி."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா," என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு கணவனை அழைத்தாள்.

"என்னங்க, சமையலறை வாசல்ல அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுங்க. இனிமே கை உங்களோடது, வாய் அக்காவோடது."