வெட்டி நீக்கிய பகுதி

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. ஊராட்சி அலுவலகச் சுவரில், உள்ளூர்ப் புகைப்படக்காரி ஒருத்தி எடுத்த பதினான்கு நாரைப் படங்கள் மாட்டப்பட்டிருந்தன. பதினொரு மணிக்குக் கூட்டம். கண்மாய்க்கரைப் புளியமரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்பது ஒன்றே பொருள்.

மரத்தில் நாற்பத்திரண்டு கூடுகள். எல்லாவற்றிலும் நாரைக் குஞ்சுகள்.

சாலை அகன்றால்தான் ஊருக்குள் பேருந்து வரும்.

வந்தவர்கள் படங்களை வரிசையாகப் பார்த்தார்கள். மஞ்சள் அலகு. இளஞ்சிவப்பு இறகு. பின்னால் மங்கிய பச்சை, வேறொன்றுமில்லை.

"இது எந்த நாட்டுல எடுத்தது?" என்றார் வார்டு உறுப்பினர் கருமலையான்.

"நம்ம கண்மாய்லதாண்ணே."

"நம்ம ஊரு நாரை தலையில எச்சம்தான் போடும். இப்பிடியெல்லாம் போஸ் குடுக்காது."

சிரித்தார்கள். நாற்காலிகளுக்குப் போனார்கள்.

மனிதரின் நிழல்கூடப் படத்தில் விழக் கூடாது என்பது மூன்றாண்டுகளாக அவள் காத்துவந்த விதி. விழுந்தால் அந்தப் பகுதியை வெட்டி நீக்கிவிடுவாள்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். ஏழாவது படத்தின் மூலத்தை, வெட்டாமல், திரையில் காட்டினாள்.

மேலே, கூட்டில் மீனைக் கக்கும் தாய்ப்பறவை.

கீழே, இடுப்பில் குடத்துடன் ஒரு பெண். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊராட்சித் தலைவர் சிட்டம்மாள். பேருந்து கேட்டு இரண்டாண்டுகள் மனுக் கொடுத்தவர்.

"தலைவரம்மா, நாத்தம் தாங்கலன்னு மனுவுல எழுதுனீங்க. இங்க வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்களே" என்றார் கருமலையான்.

சிட்டம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து திரையருகே சென்றார்.

"சின்னது ஓரத்துல நின்டுச்சு. விழுந்துருமோன்னு பாத்தேன்."



"வடக்குக் கிளையில உள்ளதுதானே" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "மூணு நாளு அப்பிடித்தான் நின்டுச்சு."

"நாலு நாளு" என்றார் கருமலையான்.

அவள் திரையை மூடவில்லை. 

கூட்டம் பன்னிரண்டேகாலுக்கு முடிந்தது. குஞ்சுகள் பறந்து போகும்வரை மரத்தைத் தொடுவதில்லை. ஏப்ரல் இறுதியில் மீண்டும் கூடிப் பேசுவது. அதுவரை பேருந்து, நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கிலேயே நிற்கும். தலைவரின் மகள் உட்படப் பதினொரு மாணவிகள் அங்குவரை மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லிவிட்டு, சிட்டம்மாள் முதலில் கையெழுத்திட்டார்.