குலுக்கலில் வந்த பெயர்

"திட்டுறதுக்கு வந்திருந்தா இப்பவே கிளம்பிடும்மா. செத்தவரைத் திட்டி டிவியில போட முடியாது" என்றான் தர்மராஜ்.

காலையிலிருந்து நின்று நின்று அவனுக்குக் கால் கடுத்துப் போயிருந்தது. 'கதவைத் தட்டு' போட்டியை உருவாக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரையே டிவி முன்னால் உட்கார வைத்தவர் சடையப்பன். அவருடைய காரியம் முடிந்த கையோடு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அதே அரங்கில், அதே விளக்குகளைப் போட்டு, அஞ்சலி நிகழ்ச்சி ஒளிப்பதிவு. ஜெயித்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி, ஃப்ரிட்ஜ் கிடைத்ததையும் கிரைண்டர் கிடைத்ததையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இறங்கியதும், இது எப்போது டிவியில் வரும் என்று கேட்டார்கள். சடையப்பனிடமே தொழில் கற்று, இப்போது இந்த ஒளிப்பதிவை நடத்தும் தர்மராஜுக்கு அழக்கூட நேரமில்லை. எப்போதடா முடியும் என்று இருந்தது.

கடைசியாக வந்து நின்றவள் ஜோதிலட்சுமி, மதுராந்தகத்துக்காரி. அவளை அவன் மறக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் குலுக்கலில் பெயர் வந்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போட்டியில் ஆட வந்தாள். மேக்கப்பெல்லாம் முடிந்த பிறகு சடையப்பன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ பேசினார். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடியே பஸ் ஏறப் போய்விட்டாள். அவள் இடத்தில் ஊரப்பாக்கத்து ஆள் ஒருவர் ஆடி, கலர் டிவியை அள்ளிக்கொண்டு போனார். ஏன் இப்படி என்று சடையப்பனைக் கேட்கிற தைரியம் அங்கே ஒருத்தருக்கும் கிடையாது. தர்மராஜின் மனசில் மட்டும் அது அநியாயம் என்றே தங்கிவிட்டது. அதை இவள் மைக்கில் போட்டு உடைத்தால் நிகழ்ச்சியே நாறிப்போகும்.

"திட்ட வரல சார். எனக்கு அவரு ஒரு நல்லது பண்ணாரு. அத்த எல்லார் எதிர்லயும் ஒருவாட்டி சொல்லணும், அவ்ளோதான்."

"ஆடவிடாம அனுப்பினாரே, அதுவா நல்லது?"

அவள் இடத்தைவிட்டு நகரவே இல்லை. என்னவோ சொல்லித் தொலையட்டும், வேண்டாததை வெட்டிவிடலாம் என்று தர்மராஜ் மைக்கை நீட்டினான்.

வாங்கிக்கொண்டு மேடை ஏறப் போனவள், முன்வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சடையப்பனின் மனைவி சரோஜா, வெறும் நெற்றியோடு, மாலை போட்ட படத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜோதிலட்சுமி திரும்பி வந்து மைக்கை அவன் கையிலேயே வைத்தாள்.

"வேணா சார். அந்தம்மா பாவம். உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன்."

"சரி, சொல்லு."

"அன்னிக்கு என் அம்மா பேரு இன்னான்னு கேட்டாரு. சொன்னேன். அப்பால என் தலையில கை வெச்சு, 'நடத்துறவன் வூட்டு ஆளுங்க இதுல ஆடக் கூடாதும்மா, ரூலு போட்டவனே நான்தான். என் பொண்ணுக்காக அத மாத்த முடியாது'ன்னாரு."