வியாழன் ஐந்தரை மணி

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பட்டியலிடும் வார இதழில் வேலை பார்த்தாள் கனகவல்லி. ஒருமுறை நிலையத்திலிருந்து வியாழக்கிழமைப் பட்டியல் முழுதாக வரவில்லை. அச்சுக்கு நேரமாகிவிட, ஐந்தரை மணிக் கட்டத்தில் ‘உப்பளத்துப் பறவைகள்’ என்று ஒரு பெயரைத் தானே எழுதிவிட்டாள்.

வேதாரண்யத்திலிருந்து கடிதம் வந்தது. “பறவைப் படம் அருமை. இதுவரை வாய் திறக்காத என் மகள் நாரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். வாராவாரம் போடுவீர்களா?”

நிலையத்தில் விசாரித்தாள். “அன்னிக்கு அந்த நேரத்துல ஒளிபரப்பே இல்லம்மா” என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று அடுத்த வியாழக்கிழமை அந்த வீட்டுக்கே போனாள். கடிதம் எழுதிய பெண் பாயில் இடம் விட்டாள். திரையில் வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. சிறுமி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துங்க…” என்று தொடங்கினாள் கனகவல்லி.

சிறுமி திரும்பாமலே மெல்லச் சொன்னாள்: “பேசாதீங்க, பறந்துடும்.”