வாய்தா வீடு

“அப்பா நீல மையில எழுதவே மாட்டார். இந்த உயில் நீல மையில இருக்கு. அதனால இது அப்பா எழுதினது இல்ல.”

வக்கீல் போனில் படித்துக் காட்டியதும், தையல்காரர் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இது ஏழாவது ஆட்சேபணை.

விஷயம் இதுதான். ஒரு பெரியவர், மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்குப் பாதி என்று வீட்டை உயில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டைத் தையல்காரர் விலை பேசி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் புரொபேட் கொடுத்தால்தான் பத்திரம் பதிய முடியும். அதற்குத்தான் மகன் மாசா மாசம் ஒரு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தடவை, கையெழுத்து சாய்ந்திருக்கிறது என்றார். அப்புறம், ‘மனப்பூர்வமாக’ என்ற வார்த்தையை அப்பா ஜென்மத்தில் சொன்னதில்லை, எழுதியிருக்க வாய்ப்பே இல்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் கோர்ட் ஒரு மாசம் தள்ளி வாய்தா கொடுத்தது.

“உயில் இருந்தாலும் அவருக்குப் பாதி. கிழிச்சுப் போட்டாலும் பாதி. எதுக்கு இழுக்கிறார்னு அவருக்காவது தெரியுமான்னு தெரியல” என்றார் வக்கீல்.

தையல்காரரோ, பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதையாக, அந்த வீட்டுப் பதினோரு ஜன்னலுக்கும் திரை தைத்து அடுக்கி வைத்திருந்தார். குடியிருக்கும் வாடகை வீட்டை இரண்டு மாசத்தில் காலி செய்யவேண்டும். ஐம்பத்தோரு வயசாகிறது, சொந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை.

“வைக்கோல் போர் நாய்தான் அந்த ஆள். தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள் மனைவி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வரச்சொல்லி அவரை அனுப்பியும் வைத்தாள்.

அடுத்த வாய்தாவுக்குத் தையல்காரர் கோர்ட்டில் நின்றார். வழி நெடுக மனப்பாடம் செய்த நாலு கேள்வியும் வராந்தாவில் கண்ட காட்சியில் மறந்து போயின.

ஒரே பெஞ்சில் அண்ணனும் தங்கையும். நடுவில் டிபன் டப்பா. சர்க்கரை மாத்திரையை விழுங்கினால்தான் மூடியையே திறப்பேன் என்று தங்கை அதட்ட, அண்ணன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக வாயைத் திறந்தார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் என்றல்லவா ஊரே சொன்னது!

தங்கை டப்பாவைக் கழுவப் போனாள். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், எனக்கு வீடு வேணும். உங்களுக்கு என்னதான் வேணும்?”

மகன் நெளிந்தார்.

“இவ பேத்தி பிறந்தநாளுக்கு என்னைப் போன்ல கூப்பிட்டா, நேர்ல வந்து கூப்பிடல. அதனால நான் போகல. போகலன்னு இவ பேசல. ஒன்பது வருஷம், டெய்லர். அப்பா காரியத்துலகூட ஆளுக்கொரு மூலையில நின்னோம். முதல் வாய்தாவுக்கு வந்தா, இங்க இந்த ஒரு பெஞ்சுதான். ‘கொஞ்சம் தள்ளி உட்காரு’ன்னா. அதுதான் ஒன்பது வருஷத்துல முதல் பேச்சு. அன்னிக்கே கேஸ் முடிஞ்சிடும்னாங்க. முடிஞ்சா அப்புறம் இவளை எங்க பார்க்கிறது? கையெழுத்து சாய்ஞ்சிருக்குன்னு எழுந்து நின்னுட்டேன்.”

“அவங்க வீட்டுக்கே போய்ப் பேசலாமே?”

“யார் முதல்ல போறது? இங்கன்னா கோர்ட் கூப்பிடுது, ரெண்டு பேரும் வர்றோம். யாரும் இறங்கி வந்ததா ஆகாது பாருங்க.”

தையல்காரருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மகன் கை கழுவப் போனதும் தங்கை திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“கோவிச்சுக்காதீங்க. அண்ணன் பாவம், இந்த மாசத்துக்குக் காரணமே கிடைக்காம முழிச்சார். நீல மையை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.”

தையல்காரர் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு வழி சொன்னார். கேஸ் முடியட்டும். மாசா மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வளர்ந்த அதே வீட்டுக் கூடத்துக்கு இருவரையும் அவரே நேரில் போய், ஒரே மணிக்கு வரச்சொல்லி அழைப்பார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள்.

“வரலன்னா?” என்று கேட்டார் அண்ணன், சந்தேகத்தோடு.

“வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டுவேன்.”

அண்ணன் ஆட்சேபணையை வாபஸ் வாங்கினார். பத்து நிமிஷத்தில் கேஸ் முடிந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்த வக்கீல், இனி பத்திரப் பதிவுதான் பாக்கி என்று கைகொடுத்தார். தையல்காரர் அந்தக் கையை விடவில்லை.

“சார், எங்க அண்ணன்மேல ஒரு கேஸ் போடணும்.”

“இப்பத்தானே ஒண்ணு முடிஞ்சுது! என்ன தகராறு?”

“நான் தைச்ச சட்டையில ஒரு கை நீளம்னு நாலு பேர் முன்னால சொல்லிட்டார். பேசி எட்டு வருஷம் ஆச்சு.”

“நிஜமாவே நீளமா?”

“அரை அங்குலம் நீளம்தான் சார்” என்றார் தையல்காரர். “ஆனா அதை நான் ஒத்துக்கிறதுக்குள்ள, எப்படியாவது ஒரு பத்து வாய்தா வாங்கிக்கொடுத்துடுங்க.”